ஸ்டெல்லா விட்டுவைத்த மூச்சு

செம்மண்டலத்து ஸ்டெல்லா போய்விட்டாள் என்ற செய்தி எனக்கு வரக்கூடாத வாயால் வந்தது. முதுநகர் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். இரண்டு கையிலும் செதில். பேத்திதான் போனை என் காதில் வைத்துப் பிடித்தாள். அந்தப் பக்கம் சிதம்பரம் பிரபு, ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருப்பவன்.

"அம்மா, மனசைத் தேத்திக்குங்க. ஸ்டெல்லா மேடம் காலையில தவறிட்டாங்க. ஹார்ட்டு."

மேடமாம். எட்டு வருஷமாக அவளை 'அந்த சர்ச்சு கீபோர்டு பொம்பளை' என்று சொன்ன வாய் அது. அவளுக்கு மரியாதை கிடைக்க அவள் சாக வேண்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னான்.

"முப்பதாம் நாள் நம்ம கலைஞருங்க எல்லாம் சேர்ந்து மஞ்சக்குப்பத்துல கூட்டம் போடறோம். நீங்களும் மேடமும் பண்ண அம்மன் பாட்டு இருக்குல்ல, அதை இப்ப வந்திருக்கிற கம்ப்ரஸர் எல்லாம் போட்டு பவரா பண்ணிடறேன். கூட்டத்துல அதுதான் ஹைலைட்டு."

"வைடா போனை" என்றேன். அன்றைக்கு வைத்த மீன் குழம்பை யாரும் தொடவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு வரப்போகிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கச்சேரி பாடுகிறவர்கள், தவில் அடிக்கிறவர்கள், கீபோர்டு வாசிக்கிறவர்கள் எல்லோரும் வருவீர்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் மைக்கைப் பிடித்து, ஸ்டெல்லாவை எனக்கு நன்றாகத் தெரியும் என்பீர்கள். என்ன தெரியும் என்று நான் கேட்கப்போகிறேன்.

இரண்டாயிரத்து நான்கு ஆடி மாதத்துக்கு முன்னால், எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு நான் பாடும் பாட்டுகளை சி.டி. போட வேண்டும் என்று தர்மகர்த்தா ஆசைப்பட்டார். முப்பது வருஷம் மைக் இல்லாமல் கூழ் ஊற்றும் இடத்தில் நின்று பாடியவள் நான். என் குரல் தெருக்கோடியில் இருக்கும் பம்பு வரை போகும். எனக்கு சி.டி. எதற்கு என்று கேட்டேன். அவர் விடவில்லை. பிரபுவின் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே பாடியது ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு நடந்த கூத்துதான் பெரிது. பிரபு கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைத் திறந்தான். அத்தனையும் கம்ப்ரஸராம், நாற்பது இருக்குமாம். ஒவ்வொன்றையும் தொட்டால் ஒரு படம் விரியும். ஒன்றில் பித்தளைத் தகடு, ஒன்றில் சிவப்பு விளக்கு, ஒன்றில் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக்குள் முள் ஆடும்.

"எது வேணும்னு சொல்லுங்க சார், எல்லாம் நம்மகிட்ட இருக்கு" என்றான். ஜவுளிக்கடையில் புடவையை உதறிப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாக உதறினான்.

தர்மகர்த்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். யாரும் காதைக் கொடுக்கவில்லை, கண்ணைத்தான் கொடுத்தார்கள்.

"முள்ளு நல்லா ஆடுது பாரு, அதைப் போடு தம்பி" என்றார்.

"சூப்பர் சாய்ஸ் சார்" என்றான் அவன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாடுகிறவர் குரல் ஓர் இடத்தில் ஏறும், ஓர் இடத்தில் இறங்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இந்த கம்ப்ரஸர், ஏறுவதை அமுக்கும். அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்கும். அளவாகச் செய்தால் தெரு இரைச்சலிலும் வார்த்தை கேட்கும். அளவு தெரியாமல் அமுக்கினால், பாட்டும் நடுவில் வாங்கும் மூச்சும் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும். இவ்வளவுதான் விஷயம். ஐந்தாவதோடு நின்ற எனக்கு ஸ்டெல்லா சொன்ன பத்து நிமிடத்தில் புரிந்தது. நாற்பது வைத்திருந்தவனுக்கு எட்டு வருஷமாகப் புரியவில்லை.

முதல் ஆடி வெள்ளி. குழாய் ஸ்பீக்கரில் என் சி.டி. போட்டார்கள். நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வந்தது பாட்டு இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம். 'தாயே' என்று ஒரு வார்த்தை, அதன் பின்னால் புஸ்ஸென்று ஒரு மூச்சு, மறுபடி ஒரு வார்த்தை, மறுபடி புஸ். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன், "அம்மா பாடுதா, ஆஸ்துமாவுக்கு ஆஸ்பத்திரி போவுதா?" என்றான். தெரு முழுக்கச் சிரித்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்றாவது வெள்ளிக்குள் வேறு சி.டி. வராவிட்டால் சினிமாக்காரர்கள் பாடிய அம்மன் பாட்டையே போட்டுக்கொள்கிறோம் என்று தர்மகர்த்தா சொல்லி அனுப்பினார். முள் ஆடுகிறதைத் தேர்ந்தெடுத்தவர் அவர். வெட்கம் மட்டும் என்னுடையது.

மைக் செட் காசிம் பாய்தான் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொன்னார். செம்மண்டலத்தில் மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்திருந்தாள். மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவள், அம்மன் பாட்டு அவளுக்கு எதற்கு என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கு என்னை நானே நாலு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்.

என் சி.டி.யைப் பாதி வரை கேட்டாள். நிறுத்தினாள்.

"யக்கா, இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"பாடறது நான்தான்."

"பாடறது தெரியுது. யாரோ உங்க நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்கான். எறக்கி வுடுவோம்."

மறுபடி பாடச் சொன்னாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூச்சு சத்தம் வந்துவிடுமே என்று அடக்கி அடக்கிப் பாடினேன். முகம் வீங்கிவிட்டது. தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏன்க்கா, முத்துக் குளிக்கவா வந்திருக்கீங்க? மூச்சு வுட்டுப் பாடுங்க. அதைப் பாத்துக்கத்தான் நான் இருக்கேன்."

பாடி முடித்த பிறகு அவள் செய்ததைத்தான் நீங்கள் யாரும் செய்யமாட்டீர்கள். கொடியில் கிடந்த நீலக்கரைத் துண்டை எடுத்து கம்ப்யூட்டர் திரையின் மேல் போட்டு மூடினாள். அவள் கை மட்டும் துண்டுக்கு அடியில் வேலை செய்தது. மூன்று விதமாகப் போட்டுக் காட்டி, எது நல்லா இருக்கு என்று கேட்டாள்.

"ரெண்டாவது" என்றேன், யோசிக்காமல். பாட்டு தெரிந்தவள் என்கிற திமிர்.

ரெண்டாவதன் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து, மூன்றையும் ஒரே அளவாக வைத்து, மறுபடி போட்டாள். முன்பு எதைச் சொன்னேன் என்றே எனக்குத் தெரியவில்லை. இந்த முறை மூன்றாவதைச் சொன்னேன்.

சிரித்தாள். "முதல்ல நீங்க எடுத்தது சத்தம் ஜாஸ்தியா இருந்தது, அவ்ளோதான். எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க. சத்தத்தைக் காட்டி ஏமாத்தறது ரொம்ப சுலபம்க்கா."

துண்டை எடுத்தாள். மூன்றாவது, சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. முள் இல்லை, விளக்கு இல்லை. பாட்டு பதிகிற மென்பொருளோடு சும்மா வந்தது. அதையும் என் குரல் உச்சிக்குப் போகும் இடங்களில் மட்டும் தொடுகிற மாதிரி வைத்திருந்தாள். மூச்சுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்க் கையால் தணித்தாள். இரண்டு பகல் ஆனது.

கடைசி வரிக்கு முன்னால் உடுக்கையும் நிற்கும், தாளமும் நிற்கும். அந்த இடத்தில் ஒரு பெரிய மூச்சு வாங்கியிருந்தேன். அவ்வளவு நேரம் அடக்கினது மொத்தமாக வெளியே வந்தது. அதையும் எடுத்துவிடு என்று கெஞ்சினேன்.

"எடுக்க மாட்டேன். இது ஒண்ணு இருக்கட்டும். பாட்டுக்குள்ள ஒரு ஆள் இருக்குதுன்னு தெரியட்டும்" என்றாள்.

அதோடு விட்டாளா? காசிம் பாயின் குழாய் ஸ்பீக்கரை ஜங்ஷன் பக்கம் ஒரு லோடு ஆட்டோ மேல் கட்டச் சொன்னாள். உச்சி வெயிலில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். "பாட்டு கேக்கப்போறது இந்தக் குழாயில. என் ரூம்ல உக்காந்து நான் ரசிச்சு என்னா பண்றது?" என்பாள். பாய் கையைக் குவித்துக் கத்தினார்: "வார்த்தை வருதா ஸ்டெல்லா?" அவள் தலையாட்டினாள். கடைசி வரி வந்தபோது பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தனம்மா, இப்ப நீ பாடற" என்றார். மூன்றாவது வெள்ளியில் டீக்கடைக்காரன் பாய்லரைக்கூட அணைத்துவிட்டுக் கேட்டான். அதன் பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் எங்கள் தெருவில் அந்தப் பாட்டுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் பிரபு ஒரு ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்கு வந்தான். நானும் இருந்தேன். நாற்பது அறுபதாகிவிட்டதாம். "இந்தக் காலத்துல ஒரே கம்ப்ரஸரை வெச்சுக்கிட்டு எப்படி சிஸ்டர் பொழைக்கிறீங்க?" என்று இளித்தான். ஸ்டெல்லா அவன் அறுபதையும் வாங்கித் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். துண்டைப் போட்டாள். ஒரு பாட்டை ஐந்து தடவை போட்டு, ஐந்தையும் பற்றிச் சொல்லச் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இது செம வார்ம்... இதுல பாருங்க, டெப்த் இருக்கு... இது கொஞ்சம் ஹார்ஷ்."

துண்டை எடுத்தாள். ஐந்து தடவையும் ஒரு கம்ப்ரஸர்கூடப் போடவில்லை. ஒரே பாட்டு, ஒரே மாதிரி.

"உங்க சிஸ்டத்துல ஏதோ ப்ராப்ளம் சிஸ்டர்" என்றான்.

"ஆமா தம்பி, காதுன்னு ஒரு சிஸ்டம்" என்றாள். அவனுக்கு டீயும் கொடுத்து அனுப்பினாள். நானாக இருந்தால் டீ கொடுத்திருக்க மாட்டேன்.

போன மார்கழிப் புயல் அந்தச் சிமெண்ட் ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. கம்ப்யூட்டர் மழையில் ஊறிப்போனது. அவள் பதிந்த எதுவும் உள்ளே இல்லை. நம் கையில் இருக்கும் சி.டி.தான் மிச்சம். அப்போது உங்களில் ஒருத்தராவது மாடி ஏறிப் போய்ப் பார்த்தீர்களா? நானும் காசிம் பாயும் போய் மெத்தைகளைப் பிழிந்து காயப்போட்டோம். அந்தத் துண்டை அன்றைக்குத்தான் என்னிடம் கொடுத்தாள். "மூடறதுக்குத் திரை இல்ல, நீங்க வெச்சுக்குங்க" என்றாள்.

போன வாரம் பிரபு என் வீட்டுக்கே வந்துவிட்டான். லேப்டாப்பில் தான் 'பவர்' ஏற்றிய பாட்டைப் போட்டான். கம்ப்யூட்டர் படித்த என் பேத்தி, "இதுதான் பாட்டி நல்லா இருக்கு" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு உள்ளே போய்த் துண்டை எடுத்து வந்தேன். லேப்டாப் திரையை அதால் மூடினேன். "ஸ்டெல்லா பண்ணதையும் உன்னோடதையும் ஒரே சத்தத்துல வை" என்றேன். வைத்தான். மாற்றி மாற்றிப் போட்டான். பேத்தியின் முகம் மாறியது. "இதுல பாட்டி தெரியறாங்க. அதுல சுவரு தெரியுது" என்றாள்.

அவன் பாட்டில் கடைசி வரி வந்தது. உடுக்கை நின்றது. தாளம் நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை. குழி விழுந்த மாதிரி ஓர் இடம்.

"இங்க ஒரு மூச்சு இருந்ததே?"

"அது மிஸ்டேக்கும்மா. மேடம் கவனிக்காம வுட்டுட்டாங்க. நான் க்ளீன் பண்ணிட்டேன்" என்றான்.

எட்டு வருஷத்துக்கு முன் என் மூச்சையெல்லாம் தெருவுக்குக் கேட்க வைத்து என்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தவன், அவள் வேண்டுமென்று வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு மூச்சைத் துடைத்து எடுத்திருக்கிறான். இரண்டு தடவையும் அவன் பாட்டைக் கேட்கவே இல்லை. திட்டக்கூடத் தோன்றவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் அவன் பாட்டு ஓடாது. என்னிடம் இருக்கும் சி.டி.தான் ஓடும். குழாய் ஸ்பீக்கரை காசிம் பாய் கட்டுவார், பேசியாகிவிட்டது. ஐந்து நிமிடம் பேச வருகிறவர்கள் முதலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அதைக் கேளுங்கள். கடைசி வரிக்கு முன்னால் எல்லாம் நிற்கும். அங்கே ஒரு மூச்சு வரும். அது உங்கள் காதில் விழுந்தால் மேடைக்கு வந்து ஸ்டெல்லாவைப் பற்றிப் பேசுங்கள். விழாதவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போகலாம்.

அவளுடையதென்று என்னிடம் இருப்பது ஒரு நீலக்கரைத் துண்டு. அதைத் துவைக்கவில்லை. என்னுடையதென்று அவள் காப்பாற்றி வைத்தது அந்த மூச்சு. அதை நான் இருக்கிறவரை எவனும் தொட முடியாது.