திரும்பாத வண்டி

அட்-பாஷி பள்ளத்தாக்கில் கெங்கேஷின் கை படாத உவாஸ் ஜீப் ஒன்று உண்டென்றால், அது கோழி அடைகிற ஜீப்பாகத்தான் இருக்கும். பட்டை வைத்து வண்டியை உயர்த்துவது, லாரி டயர் நுழைய மட்கார்டை வெட்டுவது, ஆற்றில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சு முட்டாதபடி காற்றுக்குழாயைக் கூரைவரை ஏற்றுவது எல்லாம் அவருக்குக் கை வந்த வேலை. ஐம்பத்தெட்டு வயது. பேச்சு குறைவு. வாயைத் திறந்தால் வண்டிப் பேச்சுதான். மனைவி புருல் அதற்கும் பழகிப்போயிருந்தாள்.

மந்தைகள் மேய்ச்சலிலிருந்து இறங்கி முதல் பனி விழுந்ததும், ஆண்கள் வண்டிகளோடு கிசில்-பெல் சரிவின் அடியில் கூடுவார்கள். யார் வண்டி அதிக உயரம் ஏறும் என்று போட்டி. கீழே செங்களி, மேலே ஈரப்பனி. எந்த வண்டி எங்கே நின்று போகிறதோ அங்கே ஒரு கல். எல்லோருக்கும் கீழே கல் விழுந்தவன் ஆடு அறுக்க வேண்டும். ஏறுவதற்காக வண்டிக்குள் என்ன மாற்றினான் என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. பெற்ற பிள்ளையிடமும் சொல்வதில்லை. அடுத்த பனி விழும்வரை ஊர் முழுக்க ஊகம்தான். அதில் அவர்களுக்கு ஒரு தனி ருசி.

மூன்று வருடமாக எசென்குல்லின் ஜப்பான் வண்டிதான் மேலே ஏறியது. எசென்குல் அதை வாய் ஓயாமல் சொல்லிக் காட்டினார். "என்ன கெங்கேஷ், உன் இரும்புப் பெட்டிக்கு இந்த வருஷமும் கீழ்க்கல்தானா? ஆட்டுக்கு இப்பவே உப்பு வாங்கி வச்சிரு!"

கெங்கேஷ் சிரித்துக்கொண்டார். உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். அந்த செப்டம்பரில் பட்டறைக் கதவைத் தாழிட்டு, பின் ஆக்சிலைத் திறந்தார். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக. அதற்கு இடம் கொடுப்பவை நடுவில் இருக்கும் நாலு சின்னப் பல்சக்கரங்கள். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்துவிட்டார். இனி இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றும். சேற்றில் ஒரு சக்கரம் வீணாய்ச் சுற்றாது. ஆனால் உறைபனி வளைவில் முன் சக்கரத்தை எவ்வளவு ஒடித்தாலும், பின்பக்கம் வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டு போகும். அவருக்கு இது தெரியும். போட்டி முடிந்ததும் மாற்றிவிடலாம் என்றிருந்தார்.

அக்டோபரில் அவருடைய உவாஸ் எசென்குல்லின் கல்லைத் தாண்டி நாற்பது அடி ஏறியது. ஆறு நாள் கழித்தும் ஆக்சில் அப்படியே இருந்தது. பார்க்க வருகிறவர்கள் குறையவில்லை. அவர்கள் முன்னால் வண்டியைப் பிரிக்க மனம் வரவில்லை.

ஆறாம் நாள் மகன் எர்மெக் மாஸ்கோவிலிருந்து வந்தான். அங்கே இரண்டு வருடம் டாக்சி ஓட்டியவன். கூடவே வந்த மனைவி பெகாயிமுக்கு ஏழாம் மாதம். மாலை விருந்தில் அவனும் இரண்டு கிண்ணம் குடித்தான். ஊரே பார்த்தது.

"அப்பா, எப்படிப்பா எசென்குல் மாமாவை அடிச்சீங்க? என்கிட்டயாவது சொல்லுங்களேன்."

"நீ அவர் மகனோட திரியுறவன். வசந்தத்துல சொல்றேன், போ."

மறுநாள் காலை கெங்கேஷ் ஆடு பார்க்கப் பக்கத்து ஊர் போயிருந்தார். பெகாயிமுக்கு வலி கண்டது. எர்மெக் வாசலில் நின்ற உவாஸில் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். பாலத்துக்கு முந்தைய வளைவில் தரை கண்ணாடியாக உறைந்திருந்தது. வண்டி வளையவே இல்லை, நேராக ஆற்றுக்குள் போனது. எர்மெக் அங்கேயே செத்தான். பெகாயிமின் இடுப்பு முறிந்தது. குழந்தை தங்கவில்லை.

பனியில் தடம் கோடு போட்ட மாதிரி நேராகக் கிடந்தது. போதை தெளியாமல் தூங்கிவிட்டான் என்றார்கள். காவலரும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார். கெங்கேஷ் தடத்தின் ஓரம் குனிந்து பார்த்தார். ஒடித்த முன் சக்கரம் பனியைச் சுரண்டிக்கொண்டே போயிருந்தது. எழுந்தார். வீட்டுப் பக்கம் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் பெகாயிம் கண் திறந்து, ஊரார் சொல்வதைக் கேட்டதும் சொன்ன முதல் பேச்சு, "அவர் தூங்கலப்பா. ஸ்டீயரிங்க முழுசா திருப்பினார். வண்டிதான் திரும்பல."

அவள் அப்பா ஓமுர்சாக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். "குடிகாரனுக்கு வக்காலத்து வாங்காதடி! என் பேரப்பிள்ளைய ஆத்துல போட்டவன். அவன் குழிக்கு நான் ஒரு பிடி மண்ணும் போடமாட்டேன்."

கட்டிலுக்கு இந்தப் பக்கம் கெங்கேஷ் நின்றிருந்தார். மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள். வண்டி அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பாவி மனிதர் கெங்கேஷ், வீட்டுக்கு வந்து நாள் தவறாமல் அழுதார். புருல் கடைக்குப் போனால் பேச்சு அடங்கியது. 'குடிகாரன் அம்மா' என்று ஒருத்தி முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்தது. அன்று வந்து புருல் கேட்டாள், "என் பிள்ள ரெண்டு கிண்ணத்துல தூங்குறவனா? நீங்களே சொல்லுங்க." அவர் பட்டறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

நாற்பதாம் நாள் துக்கச் சடங்குக்குக் குதிரை அறுத்து ஊரைக் கூட்டினார்கள். எர்மெக்குக்காக அல்ல, மகளின் சாமான்களை எடுத்துப்போக வந்திருப்பதாக ஓமுர்சாக் வாசலிலேயே அறிவித்தார். ஓதி முடித்து, இறைச்சித் தட்டுகள் வருமுன், கெங்கேஷ் பட்டறைக்குப் போனார். ஆற்றிலிருந்து இழுத்துவந்த வண்டியின் பின் ஆக்சிலிலிருந்து கழற்றிய பல்சக்கரங்களை ஒரு தகரத் தொட்டியில் தூக்கிவந்து ஆண்கள் நடுவே வைத்தார்.

"சம்பந்தி, பாருங்க. பத்தவச்சது நான். போட்டிக்காகச் செஞ்சேன். பையன் கேட்டான், அவன்கிட்டயும் மறைச்சேன். தெரிஞ்சிருந்தா அந்த வளைவுல ஊர்ந்து போயிருப்பான். அவன் குடிச்சதால சாகல, என்னாலதான் செத்தான்."

ஓமுர்சாக் உட்கார்ந்த இடத்தில் அசையவில்லை. வாயில் வைத்திருந்த ரொட்டியைக் கையில் துப்பினார். "நாப்பது நாளா செத்தவனச் சபிச்சேனேய்யா..." என்றார். பெண்கள் பக்கமிருந்து புருலின் அழுகை கேட்டது.

மற்றவர்கள் மெல்லத் தொட்டியைச் சுற்றிக் கூடினார்கள். ஒருவர் விரலால் எண்ணெயை வழித்துப் பார்த்தார். எசென்குல் குனிந்து, தாழ்ந்த குரலில், நிஜமாகவே வியந்து கேட்டார்: "எந்தக் கம்பியில பத்தவச்ச? இவ்வளவு அடி வாங்கியும் விரிசல் விடலையே."

கெங்கேஷுக்கு அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தன்னையே அருவருத்து, தொட்டியை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

அதற்குள் கூட்டம் விலகியது. பெகாயிம் இரண்டு கட்டைகளை ஊன்றி வந்து தொட்டிக்கு முன் நின்றாள். ஒட்டிக் கிடந்த பற்களை வெகுநேரம் பார்த்தாள். கோபம்கூட அவள் குரலில் இல்லை.

"மாமா, ஆஸ்பத்திரியில நான் சொன்னப்போ நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

அவள் கட்டைகளைத் திருப்பி ஊன்றினாள்.

"அப்பா, முதல்ல அவர் குழிக்குப் போகலாம். அப்புறம் நம்ம வீட்டுக்குப் போகலாம்."