விலாங்குத் தொட்டி

என் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுப் பூனை நொண்டினாலும் அதற்கு ஒரு கட்டுப் போட்டுவிட்டுத்தான் சமையலறைக்குள் நுழைவாள். நல்ல குணம் என்றுதான் நாற்பத்தாறு வருடமாக எல்லோரும் சொல்லிவந்தோம். நானும் சொன்னேன். என் வாயைத்தான் அடிக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் நீர்மின் நிலையத்தில் வேலை செய்கிறோம். எனக்கு கிரேன், அவளுக்கு வலை. டர்பைனைச் சுழற்றிவிட்டுத் தண்ணீர் வெளியே விழும் கால்வாயில் கட்டியிருக்கும் வலையை நான் தூக்குவேன். சிக்கியிருப்பதை அவள் பிரித்தெடுப்பாள். மழை ஓயும் சமயத்தில் விலாங்குகள் முட்டையிடக் கடலுக்கு இறங்கும். வழியில் எங்கள் டர்பைன். சின்ன மீனாவது தப்பிவிடும். விலாங்குக்கு உடம்பு நீளம், எங்கேயாவது ஓரிடத்தில் டர்பைனின் இறக்கை அடித்துவிடும். முதுகெலும்பு முறிந்தாலும் உடனே சாகாது. அதுதான் கொடுமை.

போன வருடம் ஒரு பொறியாளர் வந்தார். சின்ன வயது, தன்மையான மனிதர். விளிம்பு மழுங்கிய, தடித்த இறக்கை வைத்த புது டர்பைன் போட்டால் மீன் அதிகம் அடிபடாமல் போய்விடும் என்றார். அதற்கு முன்னால், பழையது எத்தனையைக் கொல்கிறது என்று மேலிடத்துக்குக் காட்டியாக வேண்டும். பத்து நாள் சோதனை. வலையில் வந்த விலாங்கைத் தொட்டியில் போட்டு மூடி அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் எது உயிரோடிருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். நூற்றுக்கு இருபதுக்கு மேல் செத்தால் புது டர்பைன் வரும். இதையெல்லாம் என்னிடம் விளக்கினார். அக்காவிடம் எண்ணச் சொன்னதோடு சரி. நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்கா மணிக்கொரு தடவை தண்ணீர் மாற்றினாள். வெளிச்சம் படாமல் ஈரச் சாக்கு போட்டாள். காற்று விடும் சின்ன மோட்டார் ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்தாள். தனக்குக் காய்ச்சல் வந்தபோது இவள் வெந்நீர்கூட வைத்துத் தரவில்லை, தானும் ஒரு விலாங்காகப் பிறந்திருக்க வேண்டும் என்று அத்தான் புலம்பினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

காலையில் பார்த்தால் பத்துக்கு ஒன்பது உயிரோடிருக்கும். எழுதிவிட்டு ஆற்றில் விடுவாள். இரண்டு நாள் கழித்து, ஆறு வளைகிற இடத்தில் அவை வயிறு மேலே தெரிய மிதந்தன. அங்கே எண்ண ஆளில்லை.

முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நூற்றுக்குப் பதினொன்றுதான் சாகிறது, இருபதைத் தாண்டாததால் பழைய டர்பைனே போதும். அக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

"இருபதுங்கற கணக்கு உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

தெரியும் என்றேன்.  

அவள் நேரே பொறியாளரிடம் போய், தான் தண்ணீர் மாற்றியது, ஆற்று வளைவில் அவை செத்து மிதந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் சோதனை செல்லாது, மறுபடி நடத்த வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று. இரண்டு மாதம் கழித்து அவரை வேறு நிலையத்துக்கு மாற்றினார்கள். அக்காவுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அவளுடைய பராமரிப்பையே இனி நிலையத்தின் மீன் பாதுகாப்பு ஏற்பாடாக வைத்துக்கொள்கிறார்களாம். வருடாவருடம் எண்ணி அனுப்ப வேண்டும். சாவு இருபதைத் தாண்டினால் டர்பைனைப் பற்றி யோசிப்பார்களாம். கடிதத்தோடு லாரியில் ஆறு புதுத் தொட்டிகள் வந்து இறங்கின. பாராட்டுகிறார்களா, பழிக்கிறார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வருடமும் விலாங்கு இறங்கத் தொடங்கிவிட்டது. முதல் வலையில் ஏழு. நான் கிரேனை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.

"ஒரு வருஷம் கவனிக்காம விட்டுடுக்கா. கொத்துக்கொத்தா செத்தாத்தான் அவங்களுக்கு உறைக்கும். புது டர்பைன் வரும்."

அவள் கையில் முழங்கை நீளத்தில் ஒன்று இருந்தது. நடுவில் முறிந்து, வால் பக்கம் துவண்டு தொங்கியது. தலைப்பக்கம் மட்டும் அவள் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்திருந்தது. அவளும் இதைப் பல நாள் யோசித்திருப்பாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சரிடா. இதுகிட்ட நீயே சொல்லு, நீ செத்துப்போ, உன் பின்னாடி வர்றது பிழைச்சுக்கும்னு" என்று அதை என் பக்கம் நீட்டினாள்.

நான் கையை நீட்டவில்லை.  அவள் அதைத் தொட்டிக்குள் மெல்ல விட்டுவிட்டு, அடுத்த வலையைத் தூக்கச் சொல்லிக் கைகாட்டினாள். தூக்கினேன்.