புளித்த மீன் என்று நினைத்தேன்

கனடாவிலிருந்து வந்திருந்த என் தங்கையை, பாரிஸின் லா சப்பலில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சுற்றுலாப் பயணிகள் நிறைந்த மோன்மார்த்தில் உள்ள மெக்சிக்கோ கடலுணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். முன்பின் அறியாத ஒரு மீன் உணவைக் கேட்டோம். வாயில் வைத்ததும் புளித்தது.

“அக்கா, மீன் பழுதாப் போச்சு. சமைச்சவருக்கு மூக்கடைப்புப் போல!” என்று தங்கை சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே முதலாளியை அழைத்து, மீன் கெட்டுவிட்டது என்றேன். அவர் சுவைத்துப் பாராமலே தட்டைச் சமையலறைக்குள் கொண்டுபோனார். அவருடைய உரத்த குரல் வெளியே கேட்டது.

சற்று நேரத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க சமையற்காரர் எங்கள் மேசைக்கு வந்து, எங்கள் தமிழிலேயே பேசினார்.

“நீங்கள் கதைச்சது உள்ளுக்கை கேட்டது, அக்கா. மீன் பழுதில்லை. இதைத் தேசிக்காய்ப் புளியிலை ஊறவிட்டுப் பச்சையாத்தான் குடுக்கிறது. இண்டைக்குத்தான் என்னை வேலைக்கு வைச்சுப் பாத்தவை. வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம்.”

உடனே எழுந்து சென்று, பிழை என்னுடையது என்று முதலாளியிடம் மன்றாடினேன். முதல் நாளே குறை வந்தால் போதும் என்று சொல்லி, அவர் மனம் மாறவில்லை. திரும்பி வந்தபோது சமையற்காரர் புறப்பட ஆயத்தமாக நின்றார். “பரவாயில்லை அக்கா, நீங்கள் சாப்பிடுங்கோ,” என்றார்.

இப்போதெல்லாம் அறியாத உணவு எதுவானாலும், அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்ட பிறகே குறை சொல்கிறேன். அன்று அப்படிக் கேட்டிருந்தால், அவர் மறுநாளும் வேலைக்கு வந்திருப்பார்.