எல்லோரும் இதில்தானே இருக்கிறார்கள்

என் தம்பிக்குக் காது கேட்காது. அந்தக் குறையையே நான் அவனுக்கு எதிராகப் பயன்படுத்தினேன்.

எங்கே வைத்துத் தெரியுமா? உங்கள் கைப்பேசியிலும் இருக்கிறதே, உங்கள் அம்மா, உங்கள் மேலதிகாரி, தண்ணீர் லாரிக்காரர், எல்லோரும் வைத்திருக்கிறார்களே… அந்தச் செய்திச் செயலியில்! அவனையும் வைத்துக்கொண்டு நடத்திய குடும்பக் குழுவில். அவன் கண்ணெதிரிலேயே.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தவர் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்கமாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் பெருங்களத்தூரில் இருக்கிறோம். அம்மாவும் தம்பி முரளியும் கீழ் வீடு. நானும் என் கணவரும் பிள்ளைகளும் மாடி. அண்ணன் சேகர் வண்டலூர்ப் பக்கம் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். முரளி மேடவாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறவன். பிறவியிலேயே செவித்திறன் இல்லை. வீட்டில் அவனுடைய சைகை மொழி முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சிறுவயதில் அவனோடு பள்ளிக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டது. என் பெயரை அவன் தன் மூக்கில் மூக்குத்தி போடும் இடத்தைத் தொட்டுச் சொல்வான்.

ஆகவே அவனுக்கும் வீட்டுக்கும் நடுவில் நான்தான் வழி. என் கைகள் சொன்னதுதான் அவனுக்கு அம்மா சொன்னது. என் வாய் சொன்னதுதான் அம்மாவுக்கு அவன் சொன்னது. அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை… இல்லை, பொய்! தெரிந்திருந்தது.

ஒருநாள் மாலை மாடியேறி வந்தான். முகமெல்லாம் வெளிச்சம். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். கோவிலம்பாக்கத்தில் வீடு, பேக்கரியில் கேக்குக்கு அலங்காரம் செய்கிற வேலை, பெயர் நித்யா. ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாத நண்பர்கள் தாம்பரத்தில் கூடுவார்கள், அங்கே பழக்கம். அவளுக்கும் காது கேட்காது.

“அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும்” என்று கையால் கேட்டான். “சொல்கிறேன்” என்று கையால் வாக்குக் கொடுத்தேன்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்த வாக்குமூலம்.

எங்கள் குடும்பக் குழுவில் யாரும் எழுதுவதில்லை. அம்மாவுக்குத் தட்டச்சு வராது. சேகருக்குக் கடையில் கை ஓய்வதில்லை. எல்லாம் குரல் பதிவுதான். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வரும். முரளியின் திரையிலும் அவை வரிசையாக வந்து விழும். அவன் என்னிடம் காட்டி, “என்ன?” என்பான். “கேஸ் வந்துவிட்டதாம்” என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

நேரில் பேசினால் அவனுக்குத் தெரிந்துவிடும். உதட்டை ஓரளவு படிப்பான், முகத்தைப் படிப்பான், அடுக்களையில் இருவர் தலையைச் சாய்த்துக் கிசுகிசுத்தாலே வந்து நிற்பான். குரல் பதிவுக்கு முகம் இல்லை. ஒரு சின்னக் கோடு, அதன்மேல் ஓடும் ஒரு புள்ளி… அவ்வளவுதானே!

அன்று நான் மொட்டை மாடிக்குப் போய், துணிக்கொடிக்கு அடியில் நின்று பேசிப் பதிவுசெய்தேன். சொல் மாறாமல் எழுதுகிறேன். இதையாவது மாற்றாமல் எழுத வேண்டும்.

“அம்மா, முரளி ஒரு பொண்ணைப் பாத்திருக்கான். அவளுக்கும் காது கேக்காதாம். நல்லா யோசிச்சிக்கோ. நாளைக்குக் கொழந்த அழுதா யாருக்குக் கேக்கும்? ராத்திரி எழுந்து யாரு ஓடுவா? நான்தானே ஓடணும்? எனக்கும் புள்ளைங்க இருக்கு.”

அம்மா கேட்டுவிட்டாள் என்று தெரிந்ததும், கடையிலிருந்த சேகர் கேட்பதற்குள், என் பதிவை எல்லோருக்கும் சேர்த்து அழித்தேன்.

ஏன் அழித்தேன்? தவறு என்று மனதுக்குத் தெரியாமலா விரல் அங்கே போயிற்று?

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் சொன்னதும் அவளுக்குள் போனால் அவள் சொன்னதாகவே வெளியே வரும். அன்று மாலை அவளுடைய குரல் வந்தது. “ரெண்டு பேருக்கும் காது கேக்கலன்னா கொழந்தைய யாருடா பாப்பா? நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன்.” சேகர் பதில் போட்டான். “அம்மா சொல்றது கரெக்ட். கொஞ்ச நாள் இழுத்தடிச்சா அவனே விட்டுடுவான்.”

அம்மாவுக்கு அது உண்மையான பயம். அவனை ஐந்து வயதுவரை இடுப்பிலிருந்து இறக்காதவள். சாலையில் பின்னால் வரும் வண்டிச் சத்தம் அவனுக்குக் கேட்காதே என்று இன்றைக்கும் வாசலில் நிற்பவள். எனக்கு இருந்ததும் பயம்தான்… ஆனால் அது அவனைப் பற்றியது அன்று, என்னைப் பற்றியது.

கீழே முரளி காத்திருந்தான். “அம்மா யோசிக்கிறாங்க. நான் உன் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறேன்” என்று கையசைத்தேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்!

அதற்குப் பிறகுதான் அவன் அந்த இன்னொரு செயலியைக் கொண்டுவந்தான். அவன் நண்பர்கள் எல்லாம் அதில்தான். படம் தெளிவு; விரல் அசைவு துண்டு துண்டாகத் தெரியாது. முக்கியமாக, வருகிற குரலை எழுத்தாக்கிக் கீழே காட்டும். தமிழில் பாதி தப்பாகத்தான் வரும், ஆனாலும் புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகரையும் வரவழைத்து, அவனே ஒவ்வொருவர் கைப்பேசியாக வாங்கி ஏற்றிக் கொடுத்தான். அம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி வைத்தான். புதிய குழு தொடங்கி, சோதனைக்காக அம்மாவைப் பேசச் சொன்னான். “முரளி, சாப்ட்டியாப்பா?” என்றாள். திரையில் ‘முரளி சாப்பிட்டாயா அப்பா’ என்று எழுத்து வந்தது.

அவன் அதைப் படித்தான். திரும்பவும் படித்தான். முப்பது வயதைத் தாண்டியவன்… அம்மாவின் வாய்வார்த்தை, நடுவில் நான் இல்லாமல், முதல்முறையாக அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டான்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இனி அந்தக் குழுவில் எதையெல்லாம் பேசக்கூடாது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்!

மறுநாள் காலை பழைய குழுவில் பேசிப் பதிவுசெய்தேன். “அம்மா, அதுல எதுவும் பேசாதே. எல்லாம் எழுத்தா அவனுக்குத் தெரிஞ்சிடும். நம்ம பேச்சு இதுலயே இருக்கட்டும்.” அதையும் அழித்தேன்.

அவனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? நீங்களும் சொல்வீர்கள், நானும் அதையே சொன்னேன். அம்மாவுக்குப் புதுசு பழகவில்லை. சேகருக்குக் கடை ஆர்டர் எல்லாம் பழையதில்தான் வருகிறது. நான் வேலைபார்க்கும் பள்ளி அலுவலகத்தில் விடுமுறை அறிவிப்பிலிருந்து வேன் தாமதம் வரைக்கும் அதில்தான். சித்தி அதில், தையற்காரம்மா அதில், பிளம்பர் அதில். தெருவே குடியிருக்கிற இடத்தை விட்டு நாங்கள் மட்டும் எப்படிக் காலிசெய்துகொண்டு வருவது? “எல்லோரும் இதில்தானே இருக்கிறார்கள், முரளி!”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அவன் நம்பினான். பெரிய உண்மை ஒன்று கைக்கு வாகாகக் கிடைத்தது. சின்னதாக ஒன்றை அதற்குப் பின்னால் மறைத்தேன். மற்றவர்களுக்கு அந்தச் செயலி பழக்கம், வசதி. எனக்கு அது கதவு. தாழ்ப்பாள் என் பக்கம் இருந்தது.

அவன் கோபப்படவில்லை. புதிய குழுவில் அவன் மட்டும் தங்கினான். வாரம் ஒரு காணொளி அனுப்புவான். ஒன்றில் நித்யாவும் இருந்தாள். நெற்றியில் மாவு ஒட்டியிருக்க, இரண்டு கைகளையும் கூப்பி, “அத்தை, வணக்கம்” என்று சைகை செய்தாள். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்தச் செயலியை என் கைப்பேசியிலிருந்து நீக்கினேன்.

சில மாதங்கள் இப்படியே போயின. அம்மா “பாக்கலாம்” என்றாள். நான் “பார்க்கலாமாம்” என்று கையால் சொன்னேன்.

பிறகு ஒரு மாலை, நானும் அம்மாவும் கீழ் வீட்டில் இருந்தபோது அவன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நித்யாவுக்குத் திவ்யா என்று ஒரு தங்கை. காது கேட்கிற பெண், கல்லூரியில் படிக்கிறாள். அன்று அவர்கள் வீட்டில் முரளியின் கைப்பேசி தற்செயலாக அவள் கையில் இருந்திருக்கிறது. வந்து விழுந்த ஒரு குரல் பதிவை அவள் கேட்டுவிட்டாள். முகம் மாறியதை இவன் பார்த்துவிட்டான். பிறகு விடவில்லை. பழையது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னான். அந்தப் பெண் அழுதுகொண்டே கேட்டு, கேட்டதையெல்லாம் தன் அக்காவுக்கும் இவனுக்கும் கையால் சொல்லியிருக்கிறாள்.

நினைத்துப் பாருங்கள்… எங்கள் வீட்டுப் பேச்சு, அந்தச் சின்னப் பெண்ணின் கைகள் வழியாக!

முரளி கைப்பேசியை அம்மாவின் காதோடு வைத்து அழுத்தினான். அம்மாவின் குரலே அம்மாவுக்குக் கேட்டது. “…கொழந்தைய யாருடா பாப்பா?”

அவன் என் பக்கம் திரும்பினான். “கேள். இது இவங்க சொன்னதுதானா? இவங்க மனசிலிருந்து வந்ததா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? கேள்!”

நான் கேட்க வேண்டும். நானே!

“அம்மா… இது நீயா சொன்னதா, யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களான்னு கேக்குறான்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் அவளிடம் பார்த்ததில்லை. கோபம் இல்லை. எதையோ எடைபோடுகிறவளைப்போல நிதானமாகப் பார்த்தாள்.

“ஆமா, நான்தான் சொன்னேன். யாரும் சொல்லிக் குடுக்கல. அப்டியே அவன்கிட்ட சொல்லு.”

என் கைகள் எழுந்தன. சொன்னேன். ஒரு நொடி… ஒரே ஒரு நொடி கைகளை நிறுத்தி, என் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டியிருந்தால் போதும். அவனுக்குப் புரிந்திருக்கும்.

தொடவில்லை.

அவன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அன்றே போய்விட்டான். குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறினான்.

இரவுச் சமையலை யாரும் தொடவில்லை. “ஏம்மா அப்படிச் சொன்னே?” என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் கொத்தமல்லியைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். “அவனுக்கு இந்த வூட்ல ஒருத்தியாவது வேணும்ல? நானோ கெழவி. நீதான் கடைசி வரைக்கும் இருப்பே.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

பதிவுத் திருமணம். எங்கள் தரப்பில் நான் மட்டும் போனேன். சாட்சிக் கையெழுத்துக்கு என் பெயரைத்தான் முரளி கேட்டான். பேனாவை வாங்கியும் கையெழுத்திடாமல் நான் நின்றதை ஆனந்தம் என்று நினைத்து நித்யா என்னைக் கட்டிக்கொண்டாள். அவர்களோடு பேசுவதற்காக அந்தச் செயலியை மறுபடியும் ஏற்றிக்கொண்டேன். ஒருவருக்காக மட்டும் ஒரு செயலி… முடியாது என்றேனே, முடிந்தது!

இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. அழுதால் கட்டிலருகே ஒரு விளக்கு மினுங்கும். தலையணைக்கடியில் ஒரு சிறு பெட்டி அதிரும். இருவரில் யாராவது உடனே எழுந்துவிடுகிறார்கள். குழந்தை பிறந்த நாளிலிருந்து இன்றுவரை ஒருநாள்கூட நான் ஓட வேண்டியிருக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “பரவால்லியே” என்று மட்டும் சொன்னாள்.

ஏன் அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லலாம். சொன்னால் அம்மாவின் பாதிப் பாரம் இறங்கும். ஆனால் அவனுக்கு இந்த வீட்டில் யாருமே இல்லாமல் போய்விடும்… இப்படித்தான் எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். இது அம்மாவின் வாதம். என் வாதம் இதைவிடக் கேவலமானது: அவன் என்னை நல்லவள் என்று நினைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

போன ஞாயிறும் முரளி அழைத்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பிஞ்சுக் கையைப் பிடித்து அதற்கு ஒரு சொல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். அத்தை என்றால் எப்படிச் சொல்ல வேண்டும்… மூக்கின் பக்கத்தில் விரல். குழந்தை கன்னத்தில் குத்திக்கொண்டது. நித்யா சிரித்தாள். “நீ ஒருத்தி எங்களுக்காக நின்றாய். இவளுக்கு அதைச் சொல்லித்தான் வளர்ப்போம்” என்றான் முரளி, கைகளால், மிகத் தெளிவாக. அந்தச் செயலியில் விரல் அசைவு துண்டு துண்டாகத் தெரிவதில்லை.

என் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் திரையில் தெரிந்தால் அவன் அழைப்பைத் துண்டித்துவிடுவான்; ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. நான் கைப்பேசியை என் பக்கமாகச் சற்றுத் திருப்பிக்கொண்டேன். அம்மா தானாகவே இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பேத்தி தெரிகிறாளா என்று ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.