மூடியில் மட்டும் அவர் பெயர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் இரும்புக் கேட் நான் செய்தது. மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்கு ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் நான் இழுத்தது. நிர்வாகம் அனுப்பிய ஆள் வந்து பார்த்து, இந்தப் பாறையைத் தாண்டித் தண்ணீர் வராது என்று சொல்லிவிட்டுப் போன பிறகு இழுத்தேன். இன்றைக்கும் வருகிறது. கொழுந்து மூட்டையை மலையிலிருந்து இறக்கும் கம்பியும் கப்பியும் என் வேலை. தாய்மார் வேலைக்குப் போகிறபோது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் ஆடும் ஊஞ்சல் என் வேலை. பள்ளிக்கூடத்தில் மணி என்று அடிக்கிறார்களே, அந்தத் தண்டவாளத் துண்டை அறுத்து, ஓட்டை போட்டு, தொங்கவிட்டதும் நான்தான். ரோட்டோரத்தில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை வைத்து ஒரு கடை அடித்தேன். அந்தக் கடையில் உழைத்து, வீடு நிற்காது என்று எல்லோரும் சொன்ன சரிவில் மூன்று அறையும் சிமெந்துத் தரையுமாக ஒரு வீட்டை நிறுத்தினேன்.

படித்தது நான்காம் வகுப்பு. மீதியை ஸ்டோரில், தேயிலை அரைக்கும் இயந்திரங்களுக்கு அடியில் எண்ணெய்த் துணியோடு படுத்துக் கிடந்து படித்தேன். இப்போது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நான் 'பாஸ்'. கை வேலை தெரிந்தவனைச் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தமிழிலும் அதுவே நின்றுவிட்டது. எனக்கும் அது பிடித்திருக்கிறது.

இவ்வளவையும் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இவற்றில் எதிலும் என் பெயர் இல்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை, கோயில் மேள மெஷின் விஷயம் வரும் வரைக்கும்.

பூசை நேரத்தில் தானாகவே மேளமும் மணியும் சேமக்கலமும் அடிக்கிற பெட்டி அது. எங்கள் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் கடை வைத்து நன்றாக இருக்கிற ஒரு தம்பி உபயமாகக் கொடுத்தார். மூடியில் அவர் பெயரும், அவர் மனைவி பிள்ளைகள் பெயரும் சிவப்புப் பெயின்டில் இருக்கும். தூரத்திலிருந்தே வாசிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து.

எழுத்துத்தான் பெரிசு. உள்ளே எல்லாம் மலிவுச் சாமான். மோட்டார் என் கைப்பிடிக்குள் அடங்கும். மேளக்குச்சியைத் தூக்கிவிடுகிற பல் சக்கரம் பிளாஸ்டிக். எங்கள் ஊர்ப் பனிக்கும் ஈரத்துக்கும் இரும்பே துருப்பிடித்து உதிரும்போது பிளாஸ்டிக் என்ன செய்யும்? இரண்டு வருடத்துக்குள் சக்கரத்தில் பல் உடைந்தது. உடைந்த பல் இடையில் சிக்கி, மோட்டாரும் புகைந்து போனது. ஆண்டுத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்தக் கொழும்புத் தம்பி குடும்பத்தோடு திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கோயில் கமிட்டித் தலைவர் பயந்துவிட்டார். அந்தத் தம்பியிடமே புதிசு ஒன்று கேட்டுவிடலாம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கொடுத்த மனுசனிடம் போய், நீங்கள் கொடுத்தது கெட்டுப்போனது, இன்னொன்று கொடுங்கள் என்று கேட்பதா? நான் இருக்கும்போதா? கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்: "திருவிழாவுக்கு இது அடிக்கும். அடிக்கலன்னா இனிமே கோயில் வேலைக்கு என்னைய கூப்புட வேணாம்."

சொன்ன பிறகுதான் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கோயில் வேலை இல்லாவிட்டால் நான் என்ன மனுசன் என்பது என் வீட்டம்மாவுக்குத் தெரியும். "சக்கரம் கெடைக்குமான்னு பாத்துட்டுப் பேசியிருக்கலாம்ல?" என்றார். அது சரியான கேள்விதான்.

இப்போது வருகிற சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைக்கு வராத மலிவுச் சாமான் கிடையாது. குவைத்துக்குப் போன பெண்கள் கொண்டுவந்த மிக்சி வரும். மரக்கறித் தோட்டத்துக்காரர்கள் மருந்து அடிக்கிற டாங்கி வரும். கேஸ் அடுப்பு, டோர்ச், தண்ணீர் மோட்டார் எல்லாம் வரும். எதையும் திறக்க முடியாது. ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் பசை இருக்கும். ஸ்குரூ இருந்தாலும் அதன் தலை மூன்று மூலையாக இருக்கும், என்னிடம் இருக்கிற எந்தச் சாவியும் சேராது. திறந்துவிட்டாலும் உள்ளே உடைந்த சின்னத் துண்டு தனியாக எங்கும் விற்காது. மருந்து டாங்கிக்கு நான் போடுகிற வோஷர் எல்லாம் தேய்ந்த ரப்பர் செருப்பில் வெட்டியவை. டாங்கி செத்தாலும் என் வோஷர் சாகாது. அதனால்தான் அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்துகூட பஸ் ஏறி என்னிடம் வருகிறார்கள்.

உடைந்த சக்கரத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். முதல் கடை முதலாளி நம்ம ஆள். சக்கரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. இதெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குற சாமான் பாஸ் என்றார். அடுத்த கடையில் ஒரு சிங்களத் தம்பி மரியாதையாக உட்காரச் சொன்னார். போனில் தேடித் தேடி ஒரு படத்தைக் காட்டினார். பெட்டி அதே மாதிரி, நிறம் வேறு. அதுவும் இப்போது வருவதில்லை, வந்தாலும் முழுப் பெட்டியாகத்தான் வரும் என்றார். நுவரெலியாவில் ஒரு கடையில், இதுதானே என்று ஒரு சக்கரத்தை எடுத்து வைத்தார்கள். சந்தோசமாக வாங்கிவந்து வீட்டில் போட்டுப் பார்த்தால் நடு ஓட்டை பெரிசு, பல் ஒன்று குறைவு. மாற்றப் போனபோது, விற்ற சாமானை எடுக்க மாட்டோம் என்று எழுதி ஒட்டியிருந்த சுவரைக் காட்டினார்கள். அந்தச் சக்கரத்தை இன்னும் கடையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். கோபம் குறைகிறபோது பார்த்துக்கொள்வதற்கு.

திரும்பி வருகிறபோது மழை. டிக்கோயாவில் பஸ் நின்றிருந்தது. கண்ணாடியில் வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல், நிற்காமல், ஒரே சீராக. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவன், பஸ் புறப்படும் முன்னே இறங்கிவிட்டேன். பழைய வாகனங்களை உடைத்து விற்கிற இடம் அங்கே ஒன்று எனக்குத் தெரியும். ஒரு வேனின் வைப்பர் மோட்டாரைக் கழற்றி வாங்கினேன். கனமான இரும்பு. மழையில் ஓடுவதற்கென்றே செய்தது. அது பேட்டரியில் ஓடும், பேட்டரி என் கடையிலேயே இருந்தது.

சக்கரத்துக்கு மம்பட்டி. தேய்ந்துபோன மம்பட்டி இலையைத் தேடி எங்கும் அலைய வேண்டாம், எங்கள் லயங்களில் வாசலுக்கு ஒன்று கிடக்கும். அதிலிருந்து வட்டமாக அறுத்து, சோக்கில் கோடு போட்டு, பல் வைத்து அராவினேன். குச்சியை இழுக்கிற ஸ்பிரிங் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து வந்தது. கொழும்பிலிருந்து வந்த பெட்டியில் மூடியும் தகரமும் மேளமும் மணியும் சேமக்கலமும்தான் பழையது. மீதி எல்லாம் நான்.

ஒரு சாயங்காலம், பெண்கள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிற நேரம், கோயில் வாசலில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். அடித்தது. என்னமாய் அடித்தது! பழைய பிளாஸ்டிக் சக்கரம் கதவு தட்டுகிற மாதிரித்தான் அடிக்கும், இது மலையில் போய் மோதித் திரும்பி வந்தது. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது மேட்டு லயத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டே வந்தார்கள். யாரும் கோயிலுக்கு வரவில்லை. கோயிலைத் தாண்டிக் கீழே இருக்கிற பணிய லயத்துக்குப் போனார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்து, எப்போது போனார் என்று கேட்டார்.

அப்போதுதான் அந்த அடி என் காதில் சரியாக விழுந்தது. எங்கள் தோட்டங்களில் தப்பு மேளம் அடிக்கிற விதத்திலேயே சேதி தெரிந்துவிடும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிட ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. பிறந்ததிலிருந்து காதால் கேட்டது, யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் போட்ட சோக்குக் கோடு கை பட்டு அழிந்ததில் இரண்டு பல் நெருங்கிப் போய், அடுத்ததற்குப் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. மெஷின் சாவு அடியை அடித்துக்கொண்டிருந்தது. பணிய லயத்தில் என் மச்சான் முறைக்காரர் ஒருவர் நெடுநாளாகப் படுக்கையில் கிடந்தார். சனங்கள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். அதற்குள் அவர் வாசலில் கூட்டம். முதலில் போனவர்கள் அழுதுகொண்டே உள்ளே நுழைந்திருக்கிறார்கள். மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன்யா மச்சான், திருவிழாவுக்கு முன்னாடியே என்னைய அனுப்பணும்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டீங்களா?"

நான் சக்கரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"அழுதது யார் யாருன்னு பாத்து வச்சிருக்கேன். ஒன் வீட்டம்மா வந்துச்சு. நீதான்யா கடைசி."

கூட்டம் சிரித்தது. சிரித்த சிரிப்பில் என் மானமும் கொஞ்சம் போனது, மறைப்பதற்கில்லை. ஆனால் மச்சான் லேசுப்பட்டவர் இல்லை. கால் நன்றாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத் திருவிழாவில் சாமி அடி அடித்தவர். டம்ளரைக் கவிழ்த்து, கரண்டிக் காம்பால் அதன்மேல் தட்டினார். மெதுவாக, நான் புரிந்துகொள்கிற மாதிரி. தட்டத் தட்ட நான் அவர் வீட்டுச் சிமெந்துத் தரையில் கரித்துண்டால் கோடு போட்டேன். ஓர் இடத்தில் நான் பல்லைத் தள்ளிப் போட வேண்டும் என்றேன், அவர் இல்லை என்றார். தட்டிக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. நான் இதை எல்லோரிடமும் சொல்வதில்லை, இங்கே சொல்கிறேன்.

இன்னொரு மம்பட்டி. இன்னொரு சக்கரம். இந்த முறை ஓட்டிப் பார்த்தபோது மேட்டு லயத்திலிருந்து யாரும் இறங்கவில்லை. பணிய லயத்திலிருந்து ஆள் ஒன்று வந்து, மச்சான் சரி என்று சொல்லச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனது. அன்றைக்கு நான் சாப்பிட்ட சோறு இன்னும் நாக்கில் இருக்கிறது.

திருவிழா வந்தது. கொழும்புத் தம்பி காரில் வந்து இறங்கினார். தலையில் பரிவட்டம் கட்டினார்கள். சாயங்காலப் பூசைக்குத் திரை போட்டபோது மழை கொட்டத் தொடங்கியது. மணி அடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கரண்ட் போய்விட்டது. சீரியல் பல்பு அணைந்தது. ஸ்பீக்கர் நின்றது. மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த தலைவர் வாயைத் திறந்தபடி நின்றார். விளக்கு வெளிச்சத்தில் சாமியும், அடித்துக்கொண்டிருக்கிற மெஷினும் மட்டும்தான் இருந்தன. கரண்ட் போனது அதற்குத் தெரியாது. பேட்டரியில் ஓடுகிறது அல்லவா. அத்தனை சனமும் அந்த அடியில்தான் கும்பிட்டது. மச்சானை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். அவர் விரல் முழங்கால்மேல் தட்டிக்கொண்டிருந்தது.

பூசை முடிந்ததும் தலைவர் பேசினார். இப்படி ஒரு தரமான மெஷினைக் கொடுத்த உபயகாரருக்கு நன்றி என்றார். கைதட்டினார்கள். எனக்கு எல்லோரையும் போல வாழைப்பழமும் தேங்காய்த் துண்டும் கிடைத்தது.

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மாமா, கரண்ட் இல்லாமலும் அடிக்குது. அன்னைக்கே கடையில நல்லதா பாத்துத்தான் எடுத்தேன்."

"தம்பி, மூடியக் கொஞ்சம் தொறந்து பாருங்க."

திறந்து, போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். "இது வேன் வைப்பர் மோட்டார்ல?" என்றார். ஆமாம் என்றேன். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். மம்பட்டி என்றேன்.

"அப்ப நான் குடுத்தது எங்க மாமா?"

"மூடி இருக்குல்ல. அதுலதான் ஒங்க பேரு இருக்கு."

வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. போகிறபோது தலைவரிடம், பாவம் மாமா ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறார், அடுத்த வருடம் புது மெஷின் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தலைவரும் தலையாட்டினார். நல்ல மனதோடு சொன்னதுதான், தெரியும். புதிசு வரும். அதிலும் பிளாஸ்டிக் சக்கரம் இருக்கும். என்னிடம்தான் வரும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, மம்பட்டி நிறைய இருக்கிறது.

ஆனால் இப்போது ஓடுகிற மெஷினைக் கழற்ற விடமாட்டேன். நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் அது அந்த இடத்திலேயே அடிக்கட்டும். தினமும் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து அதைக் கேட்கிறேன். அந்த அடிக்குச் சேர என் அரமும் ஓடுகிறது. இந்த வயதில் ஒருவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஒன்று வேண்டும். கோயிலுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். மூடியிலும் எழுத்தைப் புதுப்பிப்பார்கள். தம்பியின் பெயர் அப்படியே இருக்கட்டும், பெரிய எழுத்திலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே, உள்ளே ஓடுவது முழுவதும் யார் செய்தது என்று என் பெயரை எழுத வேண்டும். 'பாஸ்' என்று மட்டும் எழுதினால் போதாது, பாஸ் எல்லா ஊரிலும் இருக்கிறான். அப்பன் பெயரோடு, முழுப் பெயராக, அதே சிவப்புப் பெயின்டில். அடியைச் சொல்லிக்கொடுத்த மச்சான் பெயரையும் போடலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. என் பெயருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்.