தம்பிக்குத் துப்பாக்கி கொடுக்கலாமா?

இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

அப்பாவிடம் உரிமம் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. குலசேகரன்பட்டினம் பக்கம் எங்கள் வாழைத்தோட்டத்தில் இறங்கும் காட்டுப்பன்றிகளை விரட்ட வாங்கியது. கண் மங்கியதும் அதைத் தம்பிக்குக் கொடுக்க நினைத்தார். தம்பியும் தன் பெயரில் உரிமம் கேட்டு மனுப் போட்டான். போலீஸ் வந்து விசாரித்த பிறகுதான் கிடைக்கும் என்றதும் வீட்டில் சண்டை பற்றிக்கொண்டது.

"பெத்த பிள்ளைக்குக் குடுக்கதுக்குப் போலீஸ் என்னத்துக்கு வரணும்? நாம என்ன திருட்டுப் பொருளா விக்கோம்?" என்றாள் அம்மா.

அக்காக்காரி நான் விடுவேனா? தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குகளின் காகிதங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. "வெங்காயம் ஏத்துன பெட்டியே சோதனை இல்லாம வெளிய போவாது. துப்பாக்கி மட்டும் போவுமோ? அப்பா கையில இருந்து பிள்ளை கைக்குப் போனாலும் கை வேறதான?" என்று கத்தினேன்.

தம்பி கோபக்காரன். கைக்குக் கிடைத்ததை எறிவான். அவன் மனைவி மேல் பட்டதும் உண்டு. எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். அன்றும் நான் சட்டம்தான் பேசினேன். அவள் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

தசரா வந்தது. தம்பி அம்மனுக்குக் காப்புக் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கும் நேர்ச்சைக்குப் போலீஸ் வேஷம் போட்டான். அந்த நாட்களில் எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு போலீஸ் வேஷக்காரன் மேல்தான் விழவேண்டும். எல்லோர் தோளிலும் அட்டைத் துப்பாக்கி இருக்கும்.

திருவிழாப் பாதுகாப்புக்கு வந்திருந்த பெண் எஸ்.ஐ., அப்படியே விசாரணையையும் முடித்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். மோர் கொடுத்தோம். "அங்கனதான் மாட்டியிருக்கு" என்று அப்பா சுவரைக் காட்டினார். ஆணி மட்டும் இருந்தது.

நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன். அந்நேரம் தெருவில் மேளம் கேட்டது. காணிக்கை வாங்கிக்கொண்டு வந்த தம்பி, கூட்டத்தோடு வாசலில் நின்றான். காக்கி, தொப்பி, ஒட்டு மீசை, தோளில் அப்பாவின் துப்பாக்கி! நிஜப் போலீஸைப் பார்த்ததும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல், விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். மேளக்காரர்கள் கைதட்டினார்கள்.

எஸ்.ஐ.யும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். துப்பாக்கியைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. வாங்கி, குழலை மடக்கிப் பார்த்தார். நல்ல வேளை, காலி.

"சாமிக்கு நேர்ந்த வேஷம் மேடம். அட்டையில செஞ்சா அம்மனுக்குக் குறைல்லா?" என்றான் தம்பி. மெய்யாகவே அப்படித்தான் நினைத்திருந்தான்.

எஸ்.ஐ. துப்பாக்கியைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுக்களை வாசலில் நின்றவளைப் பார்த்து, "நீங்கதான மனைவி? இவர் கையில இது இருக்கது உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

அம்மா இருமினாள். இனியும் சும்மா இருக்கக் கூடாது என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முன்னால் வந்து, வளையலை மேலே தள்ளித் தழும்பைக் காட்டினாள்.

"இது அவிய எறிஞ்ச சொம்பு பட்டது. வேண்டாம் மேடம். குடுக்காதீங்க."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஐயோ, என்ன பெண் இவள்! உரிமமில்லாமல் துப்பாக்கி தூக்கியதற்கு, வேஷத்தைக் கலைக்கக்கூட நேரமில்லாமல் தம்பி ஜீப்பில் ஏறினான். துப்பாக்கியும் போயிற்று. கிளம்பும்போது எஸ்.ஐ. தன் போன் நம்பரை அவளிடம் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் அவளும் நானும் பாத்திரம் கழுவினோம். எனக்குப் பரபரப்பு இன்னும் அடங்கவில்லை. "ஏளா, அம்புட்டுத் தைரியம் எங்க இருந்து வந்துச்சு?" என்றேன்.

"தைரியமெல்லாம் இல்ல மயினி. அவங்க கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். "ஒம்பது வருசத்துல இந்த வீட்டுல நீங்க யாராச்சும் கேட்டியளா?"