விடியற்காலை முகமும் சூடான பாணும்

பாண் விற்கிறவள் ஊரிலே முதல் ஆளாக எழும்ப வேண்டும், முதல் ஆளாகச் சனத்தின் கண்ணிலும் பட வேண்டும். ஒரு கைம்பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத தொழிலை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில், காலையில் வீட்டைவிட்டு வெளிக்கிடுகிறவன் எதிரே முதலில் காண்கிற முகத்துக்கு முழுவியளம் என்று பெயர். நிறைகுடம் நல்லது. பசு நல்லது. என்னைப்போல வெள்ளைச் சேலைக்காரி கூடவே கூடாது. இது தெரிந்தும் அச்சுவேலியில் பேக்கரி திறந்தேன் என்றால் துணிச்சல் என்று நினைக்காதீர்கள். நான் கரப்பான் பூச்சிக்கே கதிரையில் ஏறுகிறவள். கொழும்பு உத்தியோகத்தை விட்டு வந்து, வீட்டு வளவிலேயே செங்கல்லால் பாண் சுடுகிற போறணை கட்டியவர் என் கணவர். கடைசிக் கல்லுக்குச் சாந்து பூசிய கிழமை காய்ச்சலில் படுத்தார், எழும்பவில்லை. மிஞ்சியது நானும், கைக்குழந்தையும், அவருடைய அக்காவான என் மச்சாளும், ஒருநாளும் நெருப்புக் காணாத அந்தப் போறணையும்.

இணுவிலிலிருந்து வந்த என் அண்ணை, "சித்திரை வருசம் வரைக்கும் கடையை நடத்திப் பார், ராணி. சரிவராட்டி போறணையை இடிச்சுக் கல்லை வித்துப்போட்டுப் பிள்ளையோடை எங்கடை வீட்டுக்கு வந்திடு" என்றார். என் கணவர் கட்டியதை இடிப்பதா! அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு வேகம் பிறந்தது. பயந்து பயந்து கடை திறந்த சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முட்டி வந்த வழி

கன்னியர் மடத்தில் எனக்குக் கேக் அடிக்கப் பழக்கியிருந்தார்கள். சின்னக் கோப்பையில் அளந்து, சிஸ்டர் முகம் சுளிக்காதபடி முட்டை அடித்தவளுக்குப் பாண் என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். முதல் முறை போட்டது செங்கல்லுக்குத் தங்கச்சியாக வந்தது! பிறகுதான் அருளப்பு அண்ணையைப் பிடித்தோம். பல பேக்கரிகளில் பாண் போட்ட கை. அவர் வந்த அன்றே, மா புளிக்கவேண்டும் என்று ஒரு முட்டி கள்ளோடு படலையைத் திறந்தார்.

எங்கள் மச்சாள் வெள்ளிக்கிழமை என்றால் வெங்காயம்கூடத் தொடாதவர். மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ரை தம்பி ஒரு துளி நாக்கிலை வைக்காதவன். அவன் செத்து அரை வருசத்துக்குள்ளை வீட்டுக்கை முட்டி வந்திட்டுது" என்று கிணற்றடிக்குப் போய்விட்டார். ஆனால் மறுநாள் போறணையைத் திறந்ததும் எழும்பியதே ஒரு வாசம்! பாண் பொங்கிப் பொன் நிறத்தில் நிற்கிறது! குழந்தை கை கொட்டுகிறது, நான் அழுகிறேன், அருளப்பு அண்ணை சிலுவை போடுகிறார். மச்சாள் மெல்ல வந்து ஒரு துண்டைப் பிய்த்து மணந்தார், வாயில் போட்டார், கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"ம்... கள்ளு மணக்கேல்லை. எதுக்கும் இன்னொரு துண்டு வெட்டு, வடிவாய்ப் பாத்திட்டுச் சொல்லுறன்."

வெங்காய வண்டி

கடை திறந்த முதல் விடியல். சைக்கிளில் வெங்காயக் கடகம் கட்டிய ஒரு கமக்காரர் ஒழுங்கையால் வந்தார். முதல் வாடிக்கைக்காரர்! நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவர் என்னைக் கண்டதும் பிரேக் பிடித்தார், சைக்கிளைத் திருப்பினார், போய்விட்டார். சகுனம் பிழைத்தால் வீட்டுக்குப் போய், இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப வெளிக்கிட வேண்டும் அல்லவா? அவரும் குடித்துவிட்டு வந்தார். நான் இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன். திரும்பவும் போனார். தண்ணீரிலேயே வயிறு நிறைந்திருக்கும், பாவம். கடைசியில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தார்.

"பிள்ளை, கோவியாதை. எனக்குச் சந்தை முடியப்போகுது. நீ கொஞ்சம் உள்ளுக்கை போ, பாண் மட்டும் வெளியிலை நிக்கட்டும்."

சாக்குத் திரை

அன்றைக்கே கடை வாசலில் மாச் சாக்கைக் கிழித்துத் திரை கட்டினோம். நான் உள்ளே, கை மட்டும் வெளியே. சனம் வந்தது, பாண் போனது. ஆனால் உள்ளே வேர்த்துக் கொட்டும். யார் வாங்குகிறார்கள் என்று தெரியாது, நல்லா இருக்கிறதா என்று கேட்கவும் வாய் வராது. இடுப்பில் இருந்த பிள்ளைதான் சாக்கில் ஓட்டை கண்டுபிடித்து எட்டி எட்டிப் பார்த்து எனக்குப் பதிலாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் வெளியே நின்ற ஆள் என் கையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. பயத்தில் "மச்சாள்!" என்று கத்தினேன். பார்த்தால், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பிலோமினா!

"ஏனடி ராணி, நான் பாண் வாங்க வந்தனானோ, சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தனானோ? சாக்கைத் தூக்கி முகத்தைக் காட்டு."

முதல் பெரிய ஓடர்

அவள் சொன்னாளே தவிர, சாக்கைத் தூக்க எனக்குத் துணிவில்லை. தூக்கவைத்தது ஒரு சாவு. உடுப்பிட்டியில் ஒரு பெரியவர் செத்துப்போனார். செத்த வீட்டில் அடுப்பு எரியாது, வந்த சனத்துக்கெல்லாம் பாண்தான். பாணுக்கு ஓடர் கொண்டுவந்தவர் பெரிய கடகங்களோடு வாசலில் நின்றார். திரைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய் நீட்டினால் பொழுது விடிந்துவிடும்.

என்னவோ எனக்கு எங்கள் வீட்டுச் சாவு நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் மூலையில் ஒரு கடகம் பாண் இருந்தது. நான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. எந்தப் பேக்கரி, யார் கை பிசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அதைப் பிசைந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போல இருந்தது. பாணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாக்குக்குப் பின்னால் விம்மினேன். வெளியே அந்த மனிதர் இருமினார்.

"செத்த வீட்டுக்குப் போற பாணுக்கு என்ன முழுவியளம், பிள்ளை? கண்ணைத் துடைச்சுப்போட்டு வெளியிலை வா, ரெண்டு பேருமாய் அடுக்குவம்."

அண்ணை வந்த காலை

சித்திரைக்கு முன் நாட்டில் அரிசியும் மாவும் சேர்ந்து தட்டுப்பாடாகின. எங்களுக்குக் கிடைத்த மாவில் போடுகிற பாண் வெளியே வைக்குமுன் பறந்தது. விடியமுன்பே வாசலில் வரிசை! மச்சாள் சாக்கைக் கழற்றிப் போறணை துடைக்க எடுத்துவிட்டார். உள்ளே போறணையடியில் நின்று கேட்கிறேன், வெளியே ஒருத்தி ஒருத்தியாய்க் கேட்கிறார்கள்: "அவளின்ரை முகம் தெரியுதோ?" "இன்னும் காணேல்லையடி!" "அங்கை பார், வாறாள்!" சகோதரிகளே, என் கலியாணத்தன்றுகூட என் முகத்துக்கு இப்படி ஒரு வரவேற்பு இல்லை!

சித்திரை வருசத்துக்கு முதல்நாள் அண்ணை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். சொன்ன தவணை முடிந்தது. நேரே வாசலுக்கு வந்தவரை வரிசையில் நின்ற ஒரு மனுசி மறித்தாள்.

"எங்கை முந்துறீர்?"

"நான் இவளின்ரை அண்ணை."

"அண்ணை தம்பியெல்லாம் சோத்துக்கு. பாணுக்கு வரிசை வால்லை நில்லும்!"

அண்ணை நின்றார்! சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல நகர்ந்து என் முன்னால் வந்தார். அவர் கண் என்னைப் பார்த்தது, எனக்குப் பின்னால் கணகணவென்று எரிகிற போறணையைப் பார்த்தது, முதுகில் முட்டுகிற சனத்தைத் திரும்பிப் பார்த்தது. "எத்தினை றாத்தல் பாண்?" என்று மற்றவர்களிடம் கேட்பதுபோலவே கேட்டேன்.

"ஒரு றாத்தல் தா. உன்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான், ஆனால் இந்தச் சனம் என்னை உயிரோடை விடாது போலை கிடக்கு."

ஆகவே, என் முகம் நல்லதா கெட்டதா என்று ஊர் இன்னும் முடிவு சொல்லவில்லை. பாண் முடியும்வரை அதை யோசிக்க அவர்களுக்கும் நேரமில்லை, எனக்கும் இல்லை.